பரக்கத் ஸ்டோரில் செல்லும் அட்டை

கோட்டைப்பட்டினத்தில் பஸ் நிற்கும் இடத்திலிருந்து கடற்கரைப் பக்கம் திரும்பும் தெருவில் பரக்கத் நிஷா மளிகைக் கடை வைத்திருக்கிறார். கடை என்பது அவருடைய வீட்டின் முன்னறைதான். வாசலுக்கு மேலே ‘பரக்கத் ஸ்டோர்’ என்று பச்சை எழுத்தில் ஒரு போர்டு. கணவர் ஹாஜா முகைதீன் குவைத்தில் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். ஒரே மகள் நிலோஃபர், இந்தக் கதை நடந்த சமயத்தில், திருச்சியில் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். வீட்டில் தனியாக இருக்கிற பெண்பிள்ளை பொழுது போகாமல் ஆரம்பித்த கடை என்று ஊரில் சொல்வார்கள். நிஷா காதில் விழுந்தால் கோபம் வந்துவிடும். பொழுது போவதற்கு யாராவது விடியும் முன்பே எழுந்து பால் பெட்டி இறக்குவார்களா என்று கேட்பார்.

பேச்சில் அவரை யாரும் ஜெயிக்க முடியாது. எதை வாங்க வேண்டும் என்பதைவிட எதை வாங்கக் கூடாது என்பதைத்தான் வருகிறவர்களிடம் அதிகம் சொல்வார். பிள்ளைக்குச் சளி பிடித்திருக்கும்போது குளிர்பானம் கேட்டு வந்த தகப்பனை வெறுங்கையோடு திருப்பி அனுப்பியவர். அப்படியும் கடையில் கூட்டம் குறைந்ததில்லை.

2018 நவம்பரில் கஜா புயல் வந்தது. விடிந்து பார்த்தபோது கடையின் கூரை ஷீட்டுகள் பக்கத்துத் தெருவில் கிடந்தன. அரிசி, சர்க்கரை, மைதா எல்லாம் நனைந்து ஒரே கூழாகி, இரண்டு நாளில் புளித்து நாறத் தொடங்கின. தெருவில் கரண்ட் வருவதற்கு ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. ஊருக்கு மேற்கே தென்னந்தோப்புகள் யாரோ கையால் தள்ளிவிட்டது போல ஒரே பக்கமாகச் சாய்ந்து கிடந்தன.

பிறகு லாரிகள் வந்தன. அவற்றில் வந்தவர்களை நிஷா இன்றுவரை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. எங்கெங்கோ இருந்து ராத்திரி பகல் பாராமல் வந்து, தங்கள் பெயரைக்கூடச் சொல்லாமல் மூட்டைகளை இறக்கிவிட்டுப் போனவர்கள். முதல் சில வாரங்கள் ஊர் சாப்பிட்டதே அவர்களால்தான். நிஷாவும் வரிசையில் நின்று அரிசி வாங்கினார். கடைக்காரி வரிசையில் நிற்கிறாள் என்று யாரும் சிரிக்கவில்லை. முன்னால் நின்றவர்கள் ஒதுங்கி அவருக்கு இடம் விட்டார்கள். அவருக்கு அதுதான் தாங்கவில்லை.

மார்கழி பிறந்தும் லாரிகள் நிற்கவில்லை. ஒவ்வொரு வீட்டிலும் அரிசி மூட்டை ஏறியது. ரொட்டி பூசணம் பிடித்து ஆடுகளுக்குப் போயிற்று. யாரோ உடுத்திக் கழித்த சேலைகளும் கம்பளிச் சட்டைகளும் சாலையோரம் குவிந்து பனியில் நனைந்தன. ஆனால் பல வீடுகளில் அடுப்புக்கு கேஸ் ட்யூப் இல்லை. பிள்ளைகளுக்குச் செருப்பில்லை. பெண்களுக்கு மாதாமாதம் வேண்டியதை எந்த லாரியும் ஏற்றி வரவில்லை, அதைக் கேட்கவும் யாருக்கும் வாய் வரவில்லை. இலவச அரிசி இருக்கும்போது கடைக்கு யார் வருவார்கள்? அறந்தாங்கி மொத்தக் கடைக்காரருக்கும் சரக்குக் கிட்டங்கி நனைந்து பெருத்த நஷ்டம். இனி ரொக்கம் கொடுத்தால்தான் சரக்கு என்று அவர் சொன்னதில் தப்பில்லை. நிஷா கையில் ரொக்கம் இல்லை.

குவைத்திலிருந்து ஹாஜா முகைதீன் ஃபோனில் சமாதானம் சொன்னார். கடையை மூடிவிடு, நான் அனுப்புகிற பணத்தில் வீட்டை ரிப்பேர் செய்துகொண்டு நிம்மதியாக இரு என்றார். நிஷா, அங்கே குளிர் எப்படி இருக்கிறது என்று கேட்டுப் பேச்சை மாற்றினார். கணவருக்குப் புரிந்துவிட்டது. அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

பொங்கல் கழிந்து ஒரு நாள், முதுகில் பையோடு பிளெஸ்ஸி என்ற பெண் கடைக்கு வந்தாள். அன்னவாசல் பக்கத்துப் பெண். இன்ஜினியரிங் படித்துவிட்டு, சென்னையில் தலைமை அலுவலகம் வைத்திருக்கும் ஒரு நிவாரண அமைப்பில் களப்பணியாளராகச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. கடை திறந்திருக்கிறதா என்று கேட்டாள். பார்த்தால் தெரியவில்லையா என்று நிஷா கேட்டார். கூரையில் தார்பாய், அலமாரியில் நாலைந்து தீப்பெட்டிக் கட்டு, அவ்வளவுதான் கடை.

பிளெஸ்ஸி கோபித்துக்கொள்ளவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னாள். அவர்கள் அமைப்பு இந்த முறை சாமான் கொண்டுவரப் போவதில்லை. வீட்டுக்கு ஒரு அட்டை. மூன்று மாதம், மாதாமாதம் அதில் பணம் ஏற்றப்படும். அதைக் கொண்டு ஊர்க் கடைகளிலேயே வேண்டியதை வாங்கிக்கொள்ளலாம். வங்கியில் போடலாம் என்றால் பாஸ்புக் புயலில் போனவர்கள் பலர். பணம் எடுக்கிற மெஷின்கள் பாதி வேலை செய்யவில்லை. அதனால்தான் இந்த அட்டை. கடையில் ஒரு சின்ன மெஷின் இருக்கும். அட்டையைச் செருகி, ரகசிய எண்ணை அழுத்தினால் பில் விழுந்துவிடும். சிக்னல் இல்லாவிட்டாலும் மெஷின் கணக்கை உள்ளேயே வைத்திருக்கும், சிக்னல் வந்ததும் அனுப்பிவிடும்.

“எனக்குக் காசு எப்ப வரும்?” என்று நிஷா கேட்டார்.

“அன்னிக்குச் சாயங்காலமே ஒங்க அக்கவுண்ட்டுக்கு வந்துரும்க்கா.”

“கவர்மெண்ட் காண்ட்ராக்ட் எடுத்தவங்க செருப்புத் தேய நடக்குறத நான் பாத்திருக்கேன்மா. சாயங்காலமே வருமாம்.”

“ஒரு நாளு வச்சுப் பாருங்க. வரலேன்னா மெஷினத் தூக்கி வெளியில வச்சுருங்க.”

நிஷா வைத்துப் பார்த்தார். காதில் கிடந்ததை அடகு வைத்து, கொஞ்சம் சோப்பும் எண்ணெயும் கொசுவர்த்தியும் வாங்கி அடுக்கினார். முதல் நாள் வந்தவர்கள் கொஞ்சப் பேர்தான். சாயங்காலம் தொழுகை முடித்து எழுந்தபோது ஃபோனில் வங்கியின் செய்தி வந்திருந்தது. அன்றைக்கு விற்றது முழுக்க, பைசா குறையாமல். அடுத்த நாளும் வந்தது. மூன்றாம் நாள் அந்தச் செய்திகளை அறந்தாங்கிக்குக் கொண்டுபோய் மொத்தக் கடைக்காரரிடம் காட்டினார். அவர் கண்ணாடியைப் போட்டு இரண்டு முறை படித்தார். மறுநாள் காலை சரக்கு ஆட்டோ நிஷா வீட்டு வாசலில் வந்து நின்றது.

அந்த மாதம் மக்கள் வாங்கிய சாமான்கள் நிஷாவுக்கே ஆச்சரியமாக இருந்தன. அரிசியை யாரும் தொடவில்லை. கேஸ் ட்யூப், டார்ச் லைட், வரமிளகாய், பள்ளிக்கூடப் பை, ஹவாய் செருப்பு என்று கேட்டார்கள். நாப்கின் பாக்கெட் வந்த அன்றே தீர்ந்தது. வலை சரிசெய்ய நைலான் நூல் கிடைக்குமா என்று மீன்பிடிக்கிறவர்கள் கேட்டபின் அதையும் வரவழைத்தார். ஒரு பெரியவர் பிளேடும் பவுடரும் வாங்கி, அடுத்த நாள் முழுக்கச் சவரம் செய்த முகத்தோடு கடைப்பக்கம் சும்மா வந்துவிட்டுப் போனார். பீடிக் கட்டுக்கு அட்டை செல்லாது என்று சொன்னதும் ஒருவர், இது என்ன அட்டை, என் மாமியாரைவிடக் கண்டிப்பாக இருக்கிறதே என்றார். கடையே சிரித்தது. புயலுக்குப் பிறகு அந்தத் தெருவில் அத்தனை பேர் சேர்ந்து சிரித்தது அன்றைக்குத்தான்.

பெண்கள் நெடுநேரம் நின்றார்கள். ஒரு சோப்பை எடுத்து முகர்ந்து வைத்துவிட்டு இன்னொன்றை எடுப்பார்கள். வழக்கமாக அவசரப்படுத்துகிற நிஷா அந்த மாதம் யாரையும் அவசரப்படுத்தவில்லை. கொடுத்ததை வாங்கிக்கொண்டு நின்ற கைகள் இப்போது எடுத்துப் பார்த்து, வேண்டாம் என்று திருப்பி வைக்கின்றன. அதைப் பார்க்கவே அவருக்கு நன்றாக இருந்தது.

வாரம் ஒருமுறை வரும் பிளெஸ்ஸி, டீ குடித்துக்கொண்டே தன் வேலையைப் பற்றிச் சொல்வாள். முன்பு ஒரு வெள்ளத்தின்போது அவர்கள் அமைப்பு பிளாஸ்டிக் வாளி வாங்கிக் கொடுத்ததாம். கணக்கெடுத்து, விலை கேட்டு, அனுமதி வாங்கி, லாரி பிடித்து வாளி ஊருக்குப் போய்ச் சேர்ந்தபோது, வெள்ளம் வடிந்து மாதக்கணக்கு ஆகியிருந்ததாம். இப்போது எந்த ஊரில் எது விற்கிறது என்பது அன்றன்றைக்கே சென்னை அலுவலகத்தில் கம்ப்யூட்டர் திரையில் தெரிகிறது. இந்தக் கடற்கரையில் ஒருவர்கூடப் போர்வை வாங்கவில்லை என்று பார்த்து, வாங்க இருந்த போர்வைகளை நிறுத்திவிட்டார்கள். அந்தப் பணத்தில், முதல் கணக்கெடுப்பில் விடுபட்ட குடும்பங்களுக்கும் அட்டை கிடைத்தது. நிஷா அதைக் கேட்டு, நம் கடையில் போர்வை விற்காதது நல்லதாகப் போயிற்று என்றார்.

முதல் மாதம் முடிவதற்குள் ஒரு நாள் உண்ணாமலை வந்தாள். தோப்புக்குப் பின்னால் இருக்கும் குடியிருப்பில் வசிப்பவள். அவள் புருஷன் திருப்பதி தேங்காய் பறிக்கிறவன். கடையில் நாலைந்து பேர் நின்றார்கள். அவள் ஓரமாக ஒதுங்கி அட்டையை நீட்டி, மெதுவாகத்தான் கேட்டாள்.

“அக்கா, எனக்குச் சாமான் வேணாம். இதக் காசாக் குடுங்க. கொஞ்சம் ஒங்களுக்குன்னு புடிச்சிக்கங்க.”

நிஷாவுக்கு மெதுவாகப் பேச வராது. “சாமான் வாங்கக் குடுத்த கார்டு இது. காசாக்கிக் குடுத்தா என் மெஷினப் புடுங்கிட்டுப் போயிருவாங்க. காச வாங்கி ஒம் புருசன் கையில குடுத்து, அது எங்கிட்டுப் போகும்னு எனக்குத் தெரியாதா?”

உண்ணாமலை அட்டையை முந்தானையில் முடிந்துகொண்டு போய்விட்டாள். தெருமுனையில் பைரோஸ் என்பவரும் கடை வைத்திருந்தார். அவரிடமும் அதே மெஷின் இருந்தது. அங்கே கழிவு என்று ஒரு பங்கைப் பிடித்துக்கொண்டு மீதியை ரொக்கமாகத் தருகிறார்கள் என்று ஊரில் பேச்சு இருந்தது. உண்ணாமலை அங்கிட்டுத்தான் போனாள்.

அடுத்த வாரம் பிளெஸ்ஸி வந்தபோது முகம் சரியில்லை. பைரோஸ் கடை பில்கள் எல்லாம் ஒரே மாதிரி, முழுத் தொகைக்கு, ஒரே எண்ணெய் டின்னின் பெயரில் விழுந்திருப்பதைச் சென்னைத் திரை காட்டிவிட்டது. அந்தக் கடையின் மெஷினை நிறுத்திவிட்டார்கள். அங்கே அப்படிப் பயன்படுத்திய அட்டைகளையும் நிறுத்திவிட்டார்கள். உங்கள் கடையில் ஒரு சின்னத் தப்புகூட இல்லை என்று அலுவலகத்தில் பாராட்டினார்கள் அக்கா என்றாள் பிளெஸ்ஸி. நிறுத்தப்பட்ட அட்டைகள் யாருடையவை என்று நிஷா கேட்டார். அவள் சொன்ன பெயர்களில் உண்ணாமலையும் இருந்தாள்.

அந்தப் பாராட்டு நிஷாவுக்கு இனிக்கவில்லை. மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு, சாய்ந்து கிடந்த தென்னைகளைத் தாண்டி நடந்து போனார். உண்ணாமலை வீட்டு வாசலில் கட்டிலில் திருப்பதி படுத்திருந்தான். முழங்காலுக்குக் கீழே வெளியே தெரிகிற மாதிரி கம்பி வைத்துக் கட்டியிருந்தது. விழுந்த மரங்களை அறுக்கக் கூலிக்குப் போன இடத்தில், துண்டு உருண்டு காலில் ஏறிவிட்டது. ஊரில் எல்லார் வீட்டிலும் ஏதோ ஒரு கஷ்டம் இருந்த நேரம். இது நிஷா காதுக்கு வரவே இல்லை.

“வாராவாரம் புதுக்கோட்டைக்குக் கூட்டிட்டுப் போயி கட்டு மாத்தணும்க்கா,” என்றாள் உண்ணாமலை. “இந்தக் காலோட பஸ் ஏற முடியல. ஆட்டோதான் புடிக்கணும். வீட்டுல அரிசி கெடக்கு. அரிசியக் குடுத்தா ஆட்டோக்காரர் ஏத்துவாரா?”

“அன்னிக்கே இதச் சொல்லியிருக்கலாம்ல?”

“நீங்க கேக்கலயே.”

அவள் குற்றம் சாட்டுகிற குரலில் சொல்லவில்லை. திருப்பதிக்கு ஈ விரட்டிக்கொண்டே, நடந்ததைச் சொல்வது போலத்தான் சொன்னாள். நிஷா அங்கே நின்றபடியே பிளெஸ்ஸிக்கு ஃபோன் செய்தார்.

பிளெஸ்ஸி மறுநாளே வந்தாள். அவளுக்கும் அந்த முடிவு உறுத்திக்கொண்டுதான் இருந்திருக்கிறது. ஆனால் வேலைக்குப் புதிது. மேலே எப்படிச் சொல்வது என்று தயங்கியிருக்கிறாள். கடையில் வைத்தே சென்னை அலுவலகத்தில் இந்தத் திட்டத்தைக் கவனிக்கும் அம்மாவை ஃபோனில் பிடித்து, எல்லாரும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டாள். அந்த அம்மா பொறுமையாகப் பேசினார். இது யார் யாரோ நம்பிக் கொடுத்த பணம், கழிவு கொடுத்து ரொக்கமாக மாற்றினால் பாதி வழியிலேயே போய்விடும், அதைத் தடுக்கத்தான் இந்த மெஷினே என்றார்.

“அது சரிதாங்க,” என்றார் நிஷா. “கழிவு புடிக்கிறவரத் தடுங்க. ஆனா எதுக்குக் காசு கேட்டுச்சுன்னு அந்தப் புள்ளகிட்ட நானும் கேக்கல, ஒங்க மெஷினும் கேக்கல. கார்டு நின்னது மட்டுந்தான் மிச்சம்.”

அந்த அம்மா பிளெஸ்ஸியிடம், நிறுத்தின அட்டைக்காரர்களில் யாராவது பக்கத்தில் இருக்கிறார்களா என்று கேட்டார். நிஷா சொல்லியனுப்பிக் கடையில் நின்றிருந்த உண்ணாமலை ஃபோனருகே வந்தாள். ஆட்டோ, ஆஸ்பத்திரி, திருப்பதியின் கால் என்று எல்லாவற்றையும் சொன்னாள். சென்னை அம்மா இடையில் பேசாமல் கேட்டார்.

அந்த வாரமே, நிறுத்தப்பட்ட ஒவ்வொரு அட்டைக்காரரையும் பிளெஸ்ஸி வீட்டில் போய்ப் பார்த்தாள். பெரும்பாலும் ஆஸ்பத்திரிச் செலவு, பஸ் செலவு, பள்ளிக்கூடச் செலவு, படகுக்கு டீசல். ஒருவர் மட்டும் குடித்துவிட்டேன் தாயி என்று நேராகச் சொன்னார். அதையும் மறைக்காமல் எழுதி அனுப்பினாள். அட்டைகள் திரும்பத் திறந்தன. இரண்டாம் மாதத்திலிருந்து விதியே மாறிற்று. அட்டையில் ஒரு பங்கைக் கடையிலேயே ரொக்கமாக எடுத்துக்கொள்ளலாம். கடைக்காரர் கழிவு பிடிக்கக் கூடாது, அவருக்குரிய சிறு தொகையை அமைப்பே கொடுத்துவிடும். எடுத்த உடன் முழுத் தொகை எவ்வளவு என்று அட்டைக்காரரின் ஃபோனுக்குச் செய்தி வந்துவிடும், கையில் குறைத்துக் கொடுக்க முடியாது.

ரொக்கம் எடுக்க முதலில் வந்தவர்களில் உண்ணாமலையும் இருந்தாள். நிஷா பணத்தைக் கையில் கொடுத்துவிட்டு, அன்னிக்கு நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது என்றார்.

“விடுங்கக்கா,” என்றாள் அவள். “சீயக்காய் வந்திருக்கா?”

பைரோஸ் கடைக்கு மெஷின் திரும்பக் கொடுக்கப்படவில்லை. தன்னைக் காட்டிக்கொடுத்தது நிஷாதான் என்று அவர் நினைத்துக்கொண்டார். இன்றுவரை தெருவில் எதிரே பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். திரை காட்டியதை நான் காட்டியதாக நினைத்தால் என்ன செய்வது என்று நிஷா விட்டுவிட்டார். தென்னைகளும் முழுக்கத் திரும்பி வரவில்லை. புதிதாக நட்டவை இப்போதுதான் காய்க்கத் தொடங்கியிருக்கின்றன. திருப்பதி நடக்கிறான், ஆனால் மரம் ஏற முடியாது. ஐஸ் கம்பெனியில் காவல் வேலைக்குப் போகிறான். மூன்று மாதம் முடிந்து அமைப்பு ஊரைவிட்டுப் போனபோது, பரக்கத் ஸ்டோருக்குப் புதுக் கூரையும் இன்னொரு ஃப்ரிட்ஜும் வந்திருந்தன. அடகு வைத்த தோடும் காதுக்குத் திரும்பியிருந்தது.

2023 டிசம்பரில் தூத்துக்குடி, நெல்லைப் பக்கம் பெருவெள்ளம் வந்தது. பிளெஸ்ஸி அதற்குள் அந்த அமைப்பில் ஒரு மாவட்ட வேலையையே பொறுப்பேற்கும் அளவுக்கு உயர்ந்திருந்தாள். நிஷாவுக்கு ஃபோன் செய்து, கடைக்காரர்களிடம் பேச ஆள் வேண்டும், ஒரு வாரம் வர முடியுமா அக்கா என்றாள். நிஷா கணவரை ஃபோனில் கேட்டார். ஹாஜா முகைதீன், போயிட்டு வா, ஒரு வாரம் கடை சாத்தியிருந்தால் பரவாயில்லை என்றார். நிஷா முதல்முறையாகத் தனியாகப் பஸ் மாறி மாறி அவ்வளவு தூரம் போனார்.

இந்த முறை அட்டை தேவைப்படவில்லை. ஐந்து வருஷத்தில் காய்கறி விற்பவர்கூட ஃபோனில் பணம் வாங்கப் பழகியிருந்தார். வெள்ளம் வடிவதற்குள் குடும்பங்களின் கணக்குக்கு நேரடியாகப் பணம் போய்விட்டது. திரையில் பார்த்தால் வேலை முடிந்த மாதிரி இருந்தது. ஆனால் தாமிரபரணிக் கரையில் ஒரு தெருவுக்குப் போனபோது, ஒரு கடையிலும் வியாபாரம் இல்லை. நிஷா ஒரு வீட்டு வாசலில் நின்று, பணம் வந்ததாம்மா என்று கேட்டார். அந்தப் பெண் உள்ளே போய் ஒரு ஃபோனை எடுத்து வந்து காட்டினாள். திரைக்கு அடியில் சேற்றுத் தண்ணீர் கோடு போட்டிருந்தது, ஃபோன் அணைந்து கிடந்தது. பக்கத்து வீட்டிலும் அப்படித்தான். தெரு முழுக்கவே அப்படித்தான். ஃபோன் இல்லாமல் வந்த பணத்தைப் பார்க்கவும் முடியாது, செலவழிக்கவும் முடியாது.

பிளெஸ்ஸி யோசித்துவிட்டு, ஊர்ப் பையன்களிடம் விசாரித்து, பக்கத்து டவுனில் ஃபோன் ரிப்பேர் கடை வைத்திருக்கும் செம்மல் என்பவரை வேனில் அழைத்து வந்தாள். அவர் கடைக்குள்ளும் தண்ணீர் புகுந்திருந்தது. சும்மா உட்கார்ந்திருந்தவர், கூலி அமைப்பே கொடுக்கும் என்றதும் உதிரிப் பொருட்களை மூட்டை கட்டிக்கொண்டு வந்துவிட்டார். வேப்பமரத்தடியில் மேசை போட்டார்கள். ஒவ்வொரு ஃபோனாகக் கழற்றி, துடைத்து, வெயிலில் பரப்பினார் செம்மல். சிலவற்றைப் பார்த்ததுமே உதட்டைப் பிதுக்கினார். அவற்றில் இருந்த சிம் கார்டுகளை எடுத்து, பிளெஸ்ஸி கொண்டு வந்த பழைய பட்டன் ஃபோன்களில் போட்டுக் கொடுத்தார். யார் ஃபோன் எது என்று மாறிப்போகாமல் பார்த்துக்கொள்வது நிஷாவின் வேலை. பெண்கள் சுற்றி நின்று, தங்கள் ஃபோனை அடையாளம் சொன்னார்கள்.

மூன்று மணி வாக்கில் ஒரு ஃபோனுக்கு உயிர் வந்தது. திரை ஒளிர்ந்து, சிக்னல் பிடித்து, இத்தனை நாள் வராமல் கிடந்த செய்திகள் ஒன்றன்பின் ஒன்றாக ஒலித்துக்கொண்டே வந்தன. பக்கத்தில் இன்னொன்றும் ஒலித்தது. பிறகு மேசை முழுக்க ஒரே சத்தம். செம்மல் கையை எடுத்துவிட்டுச் சிரித்தார். முதல் வீட்டுப் பெண் தன் ஃபோனை எடுத்து நிஷாவிடம் நீட்டி, என்ன போட்டிருக்கு, பாருங்க என்றாள்.

நிஷா கண்ணைச் சுருக்கிக்கொண்டு படித்தார்.

“வந்திருச்சும்மா. போன வாரமே வந்திருக்கு.”

அந்தப் பெண் ஃபோனை வாங்கி, திரையைச் சேலையில் இன்னொரு தடவை துடைத்தாள். மகளைக் கூப்பிட்டு, பையை எடுத்துக்கொண்டு வா என்று சொல்லிவிட்டு, கடைத் தெருப் பக்கம் நடந்தாள்.